வாசனையில்லாத ரெசின்

பிசின் என்ற பெயரை மாமியார் முதன்முதலில் கேட்டது, அவள் இன்னும் யாருக்கும் மாமியார் ஆகாத காலத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகள் நாற்காலியில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டிக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்பதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அம்மா, பிசினுக்கு என்னைப் பிடிச்சிருக்காம்."

"எந்தப் பிசினுடி?"

"அலையில சறுக்குற போர்டு ஒட்டறவரு. கடற்கரை ரோட்டுல ஷெட் வச்சிருக்காரே, அவரு."

"அது என்னடி பேரு? பெத்தவங்க வச்சதா, தெருவுல வச்சதா?"

"தெருவுலதான். கையில எப்பப் பாரு பிசுபிசுன்னு ஏதாவது ஒட்டியிருக்கும். அதான்."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

மகள் அடுத்த நகத்துக்குப் போய்விட்டாள். அதுதான் பதில் என்று அம்மாவுக்குத் தெரியும்.

மாமியார் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவாள். அன்று சாயங்காலத்துக்குள் நாலு வீட்டில் விசாரித்து, பிசினுடைய அம்மாவின் தங்கையைக் கட்டியவர் தன் ஓரகத்தியின் பெரியப்பா மகன்தான் என்று கண்டுபிடித்துவிட்டாள். அப்படியென்றால் அவர் அண்ணன் முறை, அவர் மனைவி அண்ணி முறை, அண்ணியின் அக்கா மகன் மருமகன் முறை. "கட்டிக்கிட்டாலும் மருமகன், கட்டிக்காட்டியும் மருமகன். அப்புறம் என்ன யோசனை?" என்று முடித்துவிட்டாள்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு மாப்பிள்ளை பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பதிவாளர் அம்மா கையை நீட்டியபடியே இருந்தாள்.

"பேனா தம்பி."

"வர மாட்டேங்குது மேடம்."

காலையில்தான் யாருடைய பலகைக்கோ அவசரமாக ரெசின் என்கிற ஒட்டுத் திரவத்தைப் பூசிவிட்டு வந்திருந்தார். பேனா விரலோடு ஒட்டிக்கொண்டது. அந்த அலுவலகத்தில் அன்றுபோல் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

எட்டு வருடம் கழித்து இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி மாமியார் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தாள். கீழே பட்டறை, மேலே ஒரு அறையும் சமையலறையும். அவளால் படி ஏற முடியாது. அதனால் பட்டறைக்குப் பின்னால் சாமான் போட்டிருந்த சின்ன அறையை ஒழித்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அந்த அறைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. படுத்த நாளிலிருந்து அந்த ஜன்னல்தான் அவளுக்குத் தொலைக்காட்சி.

ஆறு மாதத்தில் பாதி வேலை அவளுக்குத் தெரிந்துவிட்டது. அலையில் சறுக்குகிற பலகை என்றால் மரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். உள்ளே வெறும் நுரைதான். அதன்மேல் கண்ணாடி நாரில் நெய்த துணியைப் போர்த்தி, துணி முழுக்க ரெசினை ஊட்டிக் காயவைத்தால் முட்டை ஓடுபோல் இறுகிவிடும். பாறையில் இடித்தோ, வண்டியிலிருந்து விழுந்தோ ஓடு விரிந்தால் தண்ணீர் உள்ளே போய் நுரையில் ஊறும். அப்படி வந்த பலகையைப் பிசின் உடனே தொடவே மாட்டார். விரிசல் கீழே இருக்கும்படி தலைகுப்புறச் சாய்த்து வைத்து, ஒரு வாரம் சொட்டவிடுவார்.

"ஒட்டிக் கொடுத்து அனுப்பிட்டா என்ன மாப்பிள்ளை? ஒரு வாரமா மூலையில நிக்குதே, தண்டனை குடுத்த மாதிரி."

"தண்ணிய உள்ள வச்சு மூடினா வெயில்ல வெந்து ஓடு கழண்டு வந்துரும் அத்தை. அழுவுற வரைக்கும் அழுவட்டும்."

பிறகு விரிசலைச் சுற்றி வெட்டி எடுப்பார். பள்ளத்தில் நுரைத் துண்டை அளந்து பதிப்பார். துணி வைத்து ரெசின் பூசுவார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார். தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று விரல்தான் சொல்லும். அவர் ஒட்டிய இடத்தைச் சொந்தக்காரரே வந்து தேடுவார்.

"எங்க தம்பி உடைஞ்சிருந்துச்சு?"

"நீங்கதான் சொல்லணும்."

இதுதான் அவருக்குப் பெருமை. வேறு பெருமை எதுவும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. பதினாறு வயதில் பிடித்த வேலை. வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இருந்ததில்லை.

சாயங்காலம் ஷட்டரை இறக்குமுன் ஒரு காரியம் செய்வார். தகரக் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றி, அதில் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். ஒட்டியிருந்த ரெசினெல்லாம் கரைந்து ஓடும். கை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப் போகும்.

"சோப்பு போட்டா போகாதா மாப்பிள்ளை?"

"சோப்பு மூஞ்சிக்கு அத்தை. இந்தக் கைக்கு இதுதான்."

அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் கழுவினார். கடற்கரையில் பலகை ஒட்டுகிற எல்லாருமே அப்படித்தான் கழுவினார்கள். அதனால் மாமியாரும் பேசாமல் விட்டுவிட்டாள்.

நுரையில் இரண்டு வகை உண்டு. பழைய பலகைகளில் லேசான மஞ்சள் நிறத்தில், நொறுக்கினால் பிஸ்கட் தூள் மாதிரி உதிரும். பிறகு வந்த பலகைகளில் தெர்மகோல். டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளை மணி மணியான நுரை. மஞ்சள் நுரைக்குப் பழைய ரெசின் போதும். அதன் நாற்றம் தெருக்கோடி வரை போகும். எதிர்வீட்டுக்காரி அதற்காகவே ஜன்னலைப் படீர் என்று சாத்துவாள், சத்தம் இங்கே கேட்கிற மாதிரி. ஆனால் அதே ரெசின் தெர்மகோலில் பட்டால் தீர்ந்தது. வெந்நீரில் சர்க்கரை கரைகிற மாதிரி நுரையைக் கரைத்துவிடும். அதற்கென்று தனி ரெசின் வந்தது. இரண்டு பங்கு இது, ஒரு பங்கு அது என்று அளந்து கலக்கவேண்டும். மற்றபடி தண்ணீர் மாதிரி. வாசனையே கிடையாது.

மகளுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு. தலையணையெல்லாம் நாறிட்டு இருந்துச்சு" என்றாள். எதிர்வீட்டு ஜன்னலும் திறந்தது. நாறுகிறதுதான் கெடுதல், நாறாதது நல்லது என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். பழைய ரெசினுக்காவது பிசின் எப்போதாவது முகமூடி போடுவார். புதியதற்கு அதுவும் இல்லை. கடற்கரைக்கு வருகிற பலகைகளில் பத்துக்கு ஒன்பது தெர்மகோலாக மாறிப்போனது. நாலு வருடம் போனது தெரியவில்லை.

முதலில் விரலிடுக்கில் அரித்தது. உப்புத்தண்ணீர் என்றார். பிறகு மணிக்கட்டில் சிவந்து கொப்பளம் வந்தது. வெயில் என்றார். ஒரு நாள் காலையில் எழுந்து கீழே வந்தவருக்குக் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் வீங்கி, கோடு மாதிரி ஆகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு மாப்பிள்ளை அடிச்சது?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது தமாஷ் இல்லை என்று மாமியாருக்கே உடனே தெரிந்தது.

தோல் டாக்டரிடம் மூவரும் போனார்கள். சின்ன வயது டாக்டரம்மா. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் ஏதேதோ மருந்தை ஒட்டி, இரண்டு நாள் கழித்து வரச்சொல்லிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"கையை எதுல கழுவுவீங்க?"

அவர் சொன்னார். டாக்டரம்மா ஒரு நிமிடம் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

"அசிட்டோன் உங்க தோல்ல இருக்கிற எண்ணெயெல்லாம் எடுத்துரும். வேலி இல்லாத தோட்டம் மாதிரி ஆயிரும். அதுல இந்தப் புது ரெசின் தினமும் உள்ள போயிருக்கு. இப்ப உங்க உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிருச்சு."

"மருந்து?"

"வீக்கத்துக்கு எழுதித் தரேன். ஆனா மருந்து அது இல்ல. நீங்க அந்த ரெசினைத் தொடக் கூடாது. தேய்க்கிற தூள்கூட ஆகாது."

"எவ்வளவு நாள் தொடாம இருந்தா சரியாகும் மேடம்?"

"நாள் கணக்கு இல்லைங்க. எப்பவுமே தொடக் கூடாது."

அவர் தலையை ஆட்டினார். பக்கத்து வீட்டு விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர் மாதிரி இருந்தது. வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது மனைவியிடம், "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார்.

அந்த ஒரு மாதம் பட்ட பாடு கொஞ்சமில்லை. இரண்டு ஜோடிக் கையுறை, முழுக்கைச் சட்டை, நீச்சல் கண்ணாடி, முகமூடி. "நிலாவுக்கா போறீங்க?" என்று மகள் கேட்டாள். அப்படியும் மூன்றாம் நாள் கழுத்தில் தடித்தது. பிறகு மகளே கையுறை மாட்டிக்கொண்டாள். அவள் சீருடை தைக்கிற கம்பெனியில் மேற்பார்வை பார்ப்பவள். துணி வெட்டுவதில் அவளை மிஞ்ச முடியாது. அவர் மாமியாரின் அறையில் நின்று, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாகக் கத்திக் கத்திச் சொல்லுவார்.

"நடுவுலேருந்து ஓரத்துக்கு இழு! நடுவுலேருந்து!"

"இழுத்துட்டுத்தானே இருக்கேன்!"

"காத்துக் குமிழி நிக்குது பாரு, வலது பக்கம்!"

"எனக்கு வலதா, உங்களுக்கு வலதா?"

"பலகைக்கு வலது!"

"பலகைக்கு ஏதுங்க வலது!"

மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது மாப்பிள்ளையின் கையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காற்றில், அவர் விரல்கள் குமிழியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. அவருக்கே அது தெரியவில்லை. அதன்பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் ஒட்டிய பலகை மேடும் பள்ளமுமாக இருந்தது. அவள் கம்பெனிக்கு எத்தனை நாள் லீவு போடமுடியும்? அந்தப் பலகையைத் தேய்த்த தூள் அவர் சட்டையில் ஒட்டி, இமை மறுபடி மூடிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் தபால்காரர் வந்தார். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆனவர், முடியெல்லாம் வெள்ளை. அறுபது வயதுக்குமேல் அலையில் ஏறக் கற்றுக்கொண்டவர். நாற்பது வருடம் சைக்கிள் மிதித்த கால் அல்லவா, பலகையில் அப்படி நிற்கும். அவருடைய பலகை நடுவில் குறுக்காக விரிந்திருந்தது. அவர் உயரத்துக்கும் எடைக்கும் அளவெடுத்து, அவருடைய பெண் தன் முதல் சம்பளத்தில் செய்து கொடுத்த பலகை.

"தம்பி, இதை வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. மெதுவா செய். ஆனா செய்."

பிசின் அப்போது சொல்லியிருக்கலாம். என்னால் முடியாது ஐயா என்று இரண்டு வார்த்தை. மாமியார் ஜன்னலில் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. "வச்சிட்டுப் போங்க ஐயா" என்றார்.

பலகை பத்து நாள் சொட்டியது. பதினாலாம் நாள் காலை, மகள் வேலைக்குப் போன பிறகு, அவர் மாமியாரின் அறை வாசலில் வந்து நின்றார்.

"அத்தை, ஒரு உதவி."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"பழைய ரெசின்லயே செய்யப் போறேன். அது எனக்கு ஒண்ணும் பண்ணாது. பண்ணினதில்ல."

"அது தெர்மகோலாச்சே? தின்னுருமே?"

ஜன்னல் வழியாக அவள் இவ்வளவு கற்றிருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. லேசாகச் சிரித்தார்.

"நுரையைப் பச்சையா விடமாட்டேன் அத்தை. தச்சர் பூசுற வெள்ளைப் பசையை மூணு கோட்டு அடிச்சு மூடிட்டேன். நேத்தே காஞ்சிருச்சு. பசைக்கு மேல ரெசின் நிக்கும். நுரையில படாது. நீங்க வந்து விளக்கை மட்டும் சாய்ச்சுப் பிடிங்க. மேடு பள்ளம் தெரியணும்." கொஞ்சம் நிறுத்தி, "அவகிட்ட சொல்ல வேணாம்" என்றார்.

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனாள். கையில் விளக்கைப் பிடித்தாள்.

பழைய ரெசினின் மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம் எழுந்தது. எதிர்வீட்டு ஜன்னல் படீர் என்று சாத்திக்கொண்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். மாதக்கணக்கில் அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. ரெசினை இறுகவைக்கிற மருந்தைத் துளித் துளியாக விட்டுக் கலக்கினார். துணியை விரித்தார். நடுவில் ஊற்றி, ரப்பர் பட்டையால் ஓரத்துக்கு இழுத்தார். அவர் பாட்டுக்குச் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார். துணி ரெசினைக் குடித்து, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, கண்ணாடி மாதிரி ஆனது.

"இதான் அத்தை. எங்க உடைஞ்சிருந்துச்சுன்னு அவரே கேட்பாரு."

சத்தம் அப்போதுதான் வந்தது. சத்தம் என்றுகூடச் சொல்லமுடியாது. சோடாவைத் திறந்து வைத்தால் காதருகே கேட்குமே, அவ்வளவுதான். சீழ்க்கை நின்றது. விளக்கொளியில் துணியின் ஓரத்தில் ஒரு குழி தெரிந்தது, விரல் நுனி அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு ரூபாய்க் காசு அளவானது. பிறகு உள்ளங்கை அளவு.

விரிசல், கண்ணுக்குத் தெரிந்ததைவிட நாலு விரற்கடை தாண்டி ஓடியிருக்கிறது. ஓட்டுக்கு அடியில், மயிரிழை மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு தடவியிருந்தால் அந்த விரல் கண்டுபிடித்திருக்கும். ஆனால் அந்த விரல்கள் தோல் உரிந்து, வெடித்து, மருந்து பூசிக் கையுறைக்குள் கிடந்தன. பசை போகாத அந்த இழை வழியாக ரெசின் உள்ளே இறங்கிவிட்டது.

அவர் துணியைப் பிடித்து இழுத்தார். அது பாதி இறுகிவிட்டது, வரவில்லை. சுற்றிலும் பார்த்தார். அலமாரி நிறைய டப்பாக்கள் இருந்தன. அசிட்டோனை ஊற்றினால் இன்னும் வேகமாகக் கரையும். தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, எது எதைக் கரைக்கும் என்று உலகத்தில் எல்லாம் தெரிந்த மனிதர், கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நின்றார்.

"ஏதாவது பண்ணுங்க மாப்பிள்ளை."

"ஒண்ணும் பண்ண முடியாது அத்தை. அது தின்னு முடிக்கட்டும்."

கால் மணி நேரம் ஆனது. விளக்கை அணைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஓடு அப்படியே இருக்க, உள்ளே ஒரு குகை. அதன் சுவரெல்லாம் பாகு மாதிரி வழிந்து பளபளத்தது.

தபால்காரர் மறுநாள் வந்தார். பிசின் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். தபால்காரர் குனிந்து உள்ளே வந்தார், பலகையைப் பார்த்தார், குகைக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை போனது.

"கரையான்கூட இவ்வளவு சுத்தமா திங்காதே தம்பி."

"வேற பலகை வாங்கித் தந்துடறேன் ஐயா."

"அதைக் கேட்டேனா? உன் கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

மாமியார்தான் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் சொன்னாள். கிண்ணத்தில் கழுவியது, டாக்டரம்மா சொன்னது, நீச்சல் கண்ணாடி மாட்டியது, எல்லாம். சொல்லக் கூடாது என்று மாப்பிள்ளை தலையை ஆட்டியதையும் கவனித்துக்கொண்டே சொன்னாள். தபால்காரர் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் அந்தப் பலகையின் மேல் கையை வைத்திருந்தார்.

"இதை என்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா நான் பலகையை எடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார் கடைசியில்.

"தெரியும் ஐயா. அதான் சொல்லல."

தபால்காரர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிசினின் பேர் கெடக்கூடாது என்று நினைத்திருப்பார். அதனால் கடற்கரையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பலகைகள் வந்துகொண்டே இருந்தன. தோளில் சுமந்துகொண்டு, வண்டிமேல் கட்டிக்கொண்டு, நம்பி நம்பி வந்தார்கள். பிசின் மாடியில் போய்ப் படுத்துக்கொள்வார். பாதி திறந்த ஷட்டரடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாமியார்தான் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினாள்.

"இல்லப்பா. இப்ப செய்யறதில்ல."

"எப்ப செய்வாரு பெரியம்மா?"

வருகிறவன் பலகையைத் திருப்பி விரிசலைக் காட்டுவான், அதைப் பார்த்தாவது மனம் மாறுவார்கள் என்று. அவளும் பார்ப்பாள். எங்கே வெட்டவேண்டும், எத்தனை நாள் சொட்டவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாதவள். மேலே கட்டில் கிறீச்சிடும். ஒவ்வொரு பேச்சும் அவருக்குக் கேட்கும்.

இருபது பேராவது வந்துபோன பிறகு, ஒரு மத்தியானம் அவரே இறங்கி வந்தார். டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் வரிசையாக வைத்தார். ஒட்டுகிற தொழில் செய்கிற இன்னொருவனுக்குச் சொல்லி அனுப்பி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்த ஆள் ஏற்றி முடித்தபோது, பிசின் வண்டி வரை போய் ஒன்றே ஒன்று சொன்னார்.

"கையைச் சோப்புல கழுவு."

"என்னண்ணே, தமாஷா?" என்று சிரித்துவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பிசின் இப்போது அரசு மருத்துவமனையில் வண்டி நிறுத்துகிற இடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். காலை ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புகிறார். கையில் தோல் மூடிவிட்டது. அங்கே அவரை யாரும் பிசின் என்று கூப்பிடுவதில்லை.